அடுத்தவர் கிடங்கில் எடுத்தால் சரணாகதியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரல்களை ஓட்டும் டீனோ என்ற கருவியைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. புது மொபைல் விலையைத் தவிர்த்து ஒரு கணினி சங்கதி தமிழ் நாளிதழில் வருவதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி.

கட்டுரை சொன்ன கதை இது. அதே வகைக் கருவியான நோட்.ஜேஎஸ்ஸை முன்பு உருவாக்கிய ரயன் டால் 2018-ல் பெர்லினில் நடந்த மாநாட்டில், நோடைப் பற்றித் தான் வருந்தும் பத்து விஷயங்களைச் சொன்னார். ஒரு நிரலுக்கு வேண்டிய நூலகங்களை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை, குறித்துவைக்கும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பும் அவை வந்து இறங்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதே பேச்சில் டீனோவையும் அறிமுகப்படுத்தினார். 2020 மே மாதம் டீனோ 1.0 வந்தபோது அதில், நோட்காரர்கள் நூலகங்களை எடுக்கும் பொதுக் கிடங்கான என்பிஎம் என்ற பேச்சே இல்லை. வேண்டிய நூலகத்தின் இணைய முகவரியைக் கொடுத்து நேராக எடுத்துக்கொள்ள வேண்டும். 2022 நவம்பரில் 1.28 பதிப்பு வந்தது. என்பிஎம் கிடங்கில் இருப்பதில் பெரும்பாலானவற்றை டீனோவிலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றாகிவிட்டது.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் கட்டுரையாளர் இதைச் சரணாகதி என்கிறார். சொந்தச் சரக்கு இல்லாதவன் அடுத்தவன் கிடங்கில் கைவைத்த கதை என்ற தோரணையில் முடிக்கிறார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அப்படி ஒரு கைவைக்கும் வேலையில் ஒன்பது நாள் தூக்கத்தைத் தொலைத்தவள் நான். இவ்வளவுக்கும் அப்படிக் கைவைத்த ஐவி என்ற கருவியை எழுதியவள்கூட இல்லை, வெறுமனே பயன்படுத்தியவள்.

2008-ல் கோவையில் ஒரு சிறு நிறுவனத்தில் இருந்தேன். நாங்கள் ஏழு பேர். திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர்களுக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் போட்டுத் தரும் மென்பொருளை ஜாவாவில் எழுதினோம். ஜாவாவில் எல்லாவற்றையும் நாமே எழுத மாட்டோம். தேதி கணக்குக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று, நிரல் ஓடும்போது நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் எழுத ஒன்று என்று பிறர் எழுதிய நூலகங்களை ஜார் கோப்புகளாக வாங்கிச் சேர்ப்போம். அந்த நூலகங்களுக்கும் வேறு நூலகங்கள் தேவைப்படும், அவற்றுக்கு இன்னும் வேறு. இதைத்தான் டிபென்டென்சி என்கிறோம். பனியன் தைக்கத் துணி வேண்டும், துணிக்கு நூல், நூலுக்குச் சாயம் என்று போகிற மாதிரி.

எங்களிடம் இதற்கு இருந்த ஏற்பாடு 'லிப்' என்ற ஒரு ஃபோல்டர். அதில் ஸ்பிரிங் என்ற நூலகத்தின் ஸ்பிரிங்.ஜார் இருக்கும், பக்கத்திலேயே ஸ்பிரிங்-புதுசு.ஜார் இருக்கும். எந்தப் பதிப்பு, யார் போட்டது, ஒருவருக்கும் தெரியாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாள் அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் வாங்கிக்கொள்வதுதான் சடங்கு.

அப்போது இதற்கு மேவன் என்ற கருவி வந்து நிலைபெற்றிருந்தது. 2005-ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அதற்கென்று ஒரு பொதுக் கிடங்கு உண்டு, மேவன் சென்ட்ரல் என்று பெயர். உலகத்தில் உள்ள ஜாவா நூலகங்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கும் போலத் தோன்றும். பெயரையும் பதிப்பையும் சொன்னால் போதும், தேவையான சங்கிலி முழுவதையும் இழுத்துக்கொண்டு வரும். ஆனால் மேவன் ஒரு கண்டிப்பான மாமியார். எந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும், எந்த வேலை எதற்குப் பிறகு நடக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுவே சொல்லும். எங்களிடமோ, மென்பொருளைத் தொகுத்துக் கட்டும், அதாவது பில்ட் செய்யும், ஆன்ட் என்ற பழைய கருவிக்கு எழுதிய தொள்ளாயிரம் வரி பில்ட் கோப்பு இருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம். அதைத் தொடவே எல்லோருக்கும் பயம்.

ஐவி என்ற கருவி அந்த நேரத்தில்தான் கண்ணில் பட்டது. பிரான்ஸைச் சேர்ந்த ஜெயாசாஃப்ட் தொடங்கியது. (பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் கம்பெனி என்று எங்கள் ஜூனியர் பையன் ஒரு வாரம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.) 2006-ல், திறந்தமூல மென்பொருள்களை வளர்க்கும் அப்பாச்சி அமைப்புக்குள் வந்து, பிறகு ஆன்ட் குடும்பத்திலேயே சேர்ந்துவிட்டது. ஐவிக்கு ஒரே வேலைதான்: நூலகங்களைக் கொண்டுவந்து கொடுப்பது. பில்ட் வேலையை ஆன்ட் பழையபடி பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஐவிக்கென்று சொந்தமாக ஒரு விவரக் கோப்பு முறை உண்டு. மேவனுடையதைவிட நெகிழ்வானது, யோசித்துச் செய்தது. ஆனால் உலகத்துச் சரக்கெல்லாம் மேவன் கிடங்கில், மேவன் முறையில் அடுக்கியிருந்தது. ஐவிக்காரர்கள் முறுக்கிக்கொண்டு, 'எங்கள் முறைதான் சிறந்தது, எல்லோரும் இங்கே வாருங்கள்' என்று உட்கார்ந்திருந்தால் அந்தக் கருவியை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் மேவன் கிடங்கை வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். அமைப்புக் கோப்பில் 'ஐபிப்ளியோ' என்று ஒரு வரி எழுதி, அதில் எம்2 கம்பேட்டிபிள் (மேவன் 2-ஓடு ஒத்துப்போவது) என்பதை ட்ரூ என்று போட்டால் போதும் என்பது ஏட்டுச் சுரைக்காய்.

ஐபிப்ளியோ என்பது என்ன தெரியுமா? அமெரிக்காவில் சேப்பல் ஹில் ஊரில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் இணைய நூலகம். ஆரம்ப காலத்தில் மேவன் கிடங்கு அங்கேதான் இருந்தது. பிறகு கிடங்கு இடம் மாறிவிட்டது, ஐவியில் பெயர் மட்டும் இன்றுவரை அதேதான். தியேட்டரை இடித்து அபார்ட்மெண்ட் கட்டிப் பத்து வருஷம் ஆனாலும் பஸ் ஸ்டாப்புக்குத் தியேட்டர் பெயரே நிற்கிற மாதிரி.

முதல் நாள் ஐந்து நூலகங்களைக் கேட்டோம். சங்கிலியோடு சேர்த்துப் பதினைந்து வரும் என்று கணக்கு. ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் எழுபதைத் தாண்டி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பிராட்பேண்டில் மாதத்துக்கு இத்தனை ஜிபிதான் என்று அளவு வைத்திருந்த காலம். மின்வெட்டு வேறு. யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்த ஆரம்பிக்க, ஜூனியர் பையன் ஓடிப்போய் மோடத்தைப் பிடுங்கினான்.

என்ன நடந்தது என்று புரிய மூன்று நாள் ஆனது. மேவனின் விவரக் கோப்புக்குப் பாம் என்று பெயர். அதில் ஒவ்வொரு டிபென்டென்சிக்கும் ஸ்கோப் என்று ஒரு குறிப்பு உண்டு. கம்பைல் என்றால் எப்போதும் வேண்டும். டெஸ்ட் என்றால் சோதனைக்கு மட்டும். புரொவைடட் என்றால் எழுதும்போது வேண்டும், ஓடும் இடத்தில் சர்வரே கொடுத்துவிடும். கல்யாண வீட்டில் சாப்பாடு போடுவார்கள், இங்கிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்கிற மாதிரி. ஐவியில் ஸ்கோப் கிடையாது. அதற்குப் பதில் கான்ஃபிகரேஷன் என்று ஒன்று, அதையும் அவரவர் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு பாம் கோப்பைப் பார்த்ததும் ஐவி அதைத் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளும். ஸ்கோப் ஒவ்வொன்றையும் ஒரு கான்ஃபிகரேஷன் ஆக்கும். கூடவே, பின்தொடரும் சங்கிலி எதுவும் இல்லாமல் அந்த ஜார் மட்டும் என்பதற்கு மாஸ்டர், வழக்கமான தேவைக்கு டீஃபால்ட், விருப்பமானவற்றுக்கு ஆப்ஷனல் என்று சிலவற்றைத் தானே சேர்க்கும்.

நாங்கள் எதுவும் குறிப்பிடாமல் விட்டிருந்தோம். குறிப்பிடாவிட்டால் ஐவி எடுத்துக்கொள்ளும் அர்த்தம்: நட்சத்திரம், அம்புக்குறி, நட்சத்திரம். அதாவது எங்களுடைய எல்லாத் தேவைக்கும் அவர்களிடம் உள்ள எல்லாப் பிரிவும். ஸ்பிரிங் 2.5-ன் பாம் கோப்பில் ஆப்ஷனல் என்று ஒரு பெரிய பட்டியலே உண்டு. அது மொத்தமும் வந்தது. அவர்கள் சோதனைக்கு வைத்திருந்ததும் வந்தது. புரொவைடட் என்று விலக்கிவைத்த சர்வ்லெட் ஜாரும் வந்து எங்கள் வெப் அப்ளிகேஷனுக்குள் உட்கார்ந்தது. எங்கள் வெப் சர்வரான டாம்கேட் அதைப் பார்த்து, 'இந்த ஜாரை ஏற்ற மாட்டேன்' என்று லாகில் ஒரு வரி எழுதி ஒதுக்கிவிட்டது. அதோடு வந்த, வெப் பக்கங்களைத் தயாரிக்கும் ஜேஎஸ்பி ஜார் அவ்வளவு சாதுவாக இல்லை. இன்வாய்ஸ் பக்கம் திறக்கவே மறுத்தது.

மருந்து ஒரே வரிதான். கம்பைல், அம்புக்குறி, டீஃபால்ட். இடப்பக்கம் எங்கள் தேவை, வலப்பக்கம் அவர்கள் பிரிவு. அதை எழுதியதும் எழுபது சொச்சம் பதினாறாகக் குறைந்தது. அன்று ஜூனியர் பையன் வெள்ளைப் பலகையில் அந்த அம்புக்குறியைப் பெரிதாக வரைந்து, கீழே 'அழிக்காதீர்கள்' என்று எழுதிவைத்தான். நான் அந்த வேலையை விடும்வரை அது அங்கேயே இருந்தது.

இத்தனைக்கும் நடுவே எங்கள் முதலாளி ஒரு நாள் வந்து நின்றார். "ஏம்மா, காலைலருந்து பாம் சரியில்ல, பாம் உடைஞ்சிருக்குன்னு கத்திட்டிருக்கீங்க, பக்கத்து ஆபீஸ்காரன் வந்து கேக்கறான்" என்றார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கிடங்குல சும்மாதான தராங்க? சும்மா தரத எடுத்துட்டு வாரதுக்கு எதுக்கும்மா ஒம்போது நாளு?" என்றார். அவர் கேட்டதற்கும் உங்கள் கட்டுரையாளர் எழுதியதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, லாக் எழுதும் நூலகமான லாக்4ஜே 1.2.15. பின்னாளில் 2021-ல் பாதுகாப்பு ஓட்டையால் உலகையே கலக்கியது இதற்கு அடுத்த தலைமுறை, அது வேறு கதை. இந்த 1.2.15-ன் பாம் கோப்பு, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தின் மூன்று ஜார்கள் கட்டாயம் வேண்டும் என்றது. ஜேஎம்எஸ், ஜேஎம்எக்ஸ்டூல்ஸ், ஜேஎம்எக்ஸ்ஆர்ஐ. ஆனால் சன் நிறுவனத்தின் உரிம விதிப்படி அவற்றைப் பொதுக் கிடங்கில் வைக்க முடியாது. பட்டியலில் பெயர் இருக்கிறது, அலமாரியில் சரக்கு இல்லை. திரையில் சதுர அடைப்புக்குள் நாட் ஃபவுண்ட், நாட் ஃபவுண்ட், நாட் ஃபவுண்ட் என்று மூன்று வரி. எங்களுக்கு லாக் எழுதினால் போதும், அந்த மூன்றும் எதற்கென்றே தெரியாது. மேவன்காரர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தபோது ஓர் அற்ப சந்தோஷம். ஒன்று அந்த மூன்றையும் விலக்கச் சொல்லி எழுத வேண்டும், இல்லையென்றால் 1.2.14-க்கு இறங்க வேண்டும். நாங்கள் இறங்கினோம். அடுத்தவர் கிடங்கை ஏற்றுக்கொண்டால் அங்கே உள்ள பூச்சியையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறோம்.

கடைசி இரண்டு நாளைத் தின்றது வேறொன்று. வாடிக்கையாளர் தரப்பில் ஒரு சின்னக் குழு, அவர்கள் மேவனில் இருந்தார்கள். நாங்களும் அவர்களும் அதே ஐந்து நூலகங்களை அதே பதிப்பில் கேட்டோம். அவர்களுக்கு, சங்கிலியில் வரும் காமன்ஸ் லாகிங் என்ற நூலகத்தின் 1.0.4 வந்தது, எங்களுக்கு 1.1.1 வந்தது. ஒரே கிடங்கு, ஒரே பாம் கோப்புகள். எப்படி? ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகளை இரண்டு பேர் கேட்டால் மேவன் நமக்கு நெருங்கிய உறவு யாரோ அவர் சொல்லைக் கேட்கும். ஐவி, வேறு சொல்லாவிட்டால், எது புதியதோ அதை எடுக்கும். யார் செய்வது சரி என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் பாம் கோப்பை எழுதியவர், மேவன் எப்படி முடிவெடுக்கும் என்பதை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். அந்த எண்ணம் கோப்பில் எங்கேயும் எழுதியிருக்காது. கடைசியில் பதிப்பை நாங்களே நேரடியாகக் குறிப்பிட்டு இரு தரப்பையும் ஒன்றாக்கினோம்.

இதற்குத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். கிடங்கின் முகவரியைப் போட்டால் கோப்பு வந்துவிடும், அது அரை நாள் வேலை. பாம் கோப்புக்கு ஒரு தாய்க் கோப்பு இருக்கும், அதற்கும் ஒரு தாய் இருக்கும். பதிப்பு எண் அந்தப் பாட்டியிடம் எழுதியிருக்கும், அதைத் தேடி எடுக்க வேண்டும். மற்றவர் எழுதாமல் விட்ட பழக்கங்களையும் ஊகித்து, தன் முறையையும் விட்டுக்கொடுக்காமல் நடத்த வேண்டும். டீனோவும் அப்படித்தான். என்பிஎம் பேக்கேஜ்கள் தங்களைச் சுற்றி நோட் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. கோப்பைத் திற, நெட்வொர்க்கில் பேசு என்று அவை நோடின் உள்ளுறுப்புகளைக் கூப்பிடும். அந்த உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஈடு ஒன்றை டீனோ தன்னிடம் உருவாக்க வேண்டியிருந்தது. அதே சமயம், அனுமதி கொடுத்தால்தான் கோப்பைத் தொடலாம் என்ற தன் கொள்கையை அது கைவிடவில்லை. நிறுவும்போதே பேக்கேஜ்கள் தங்கள் ஸ்கிரிப்டை ஓட்டுவதையும், கேட்காமல் அனுமதிப்பதில்லை. சரண் அடைந்தவர் இப்படி நிபந்தனை போடுவாரா?

கட்டுரையாளர் குறை சொல்ல வேண்டும் என்றால் அதற்கு வேறு இடம் உண்டு. அதையும் என் கதையிலிருந்தே சொல்லிவிடுகிறேன், என் மானம் போனாலும் பரவாயில்லை.

2020 ஜனவரி 15, பொங்கல். மறுநாள் மாட்டுப் பொங்கல் காலையில் அந்தப் பழைய ஜூனியர் போன் செய்தான். இப்போது அவன் வேறு ஒரு நிறுவனத்தில் பெரிய ஆள், ஆனால் அந்த பனியன் மென்பொருளைத் தனியாகப் பராமரித்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஹேப்பி பொங்கல். ஐவி செத்துப்போச்சு" என்றான். ராத்திரி தானாக ஓடும் பில்ட் 501 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது. அந்தப் பதினைந்தாம் தேதியிலிருந்து ஹெச்டிடிபி முகவரியில் யாருக்கும் எதுவும் தர மாட்டோம், ஹெச்டிடிபிஎஸ்ஸில் வாருங்கள் என்று மேவன் சென்ட்ரல் முன்கூட்டியே அறிவித்திருந்தது. வழியில் யாராவது ஜாரை மாற்றிவைக்காமல் இருக்க வேண்டும் அல்லவா, நியாயமான ஏற்பாடுதான். நாங்கள் வைத்திருந்த பழைய ஐவியின் வயிற்றுக்குள் பழைய முகவரி இருந்தது. அமைப்புக் கோப்பில் புது முகவரியை எழுதியதும் சரியாகிவிட்டது. ஒரே ஓர் எழுத்து, எஸ்.

ஆனால் அவன் கேட்ட கேள்விதான் என்னை உறுத்தியது. "கேஷில் எல்லா ஜாரும் இருந்திருக்குமே அக்கா, எதுக்கு மறுபடி கிடங்குக்குப் போச்சு?" கேஷ் என்பது ஒருமுறை இறக்கியதை நம் கணினியிலேயே சேர்த்துவைக்கும் இடம். மறுபடி போனதற்குக் காரணம் நான். 2008-ல், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒவ்வொரு ராத்திரியும் கேஷை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக இறக்கும்படி எழுதிவைத்திருந்தேன். பதினொரு வருடத்துக்கு மேல் தினமும் அதே பதினாறு ஜார்கள், ஒரு பைசா கொடுக்காமல், யாரோ செலவு செய்து நடத்தும் கிடங்கிலிருந்து. முதலாளி சொன்ன 'சும்மா தரது' இதுதான். அன்றைக்கே அந்த வரியை எடுக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எடுத்தான்.

இன்னொருவர் கிடங்கோடு ஒத்துப்போகும் கருவி பெருகப் பெருக என்னைப் போன்றவர்களும் பெருகுவார்கள். அந்தப் பாரத்தை யார் சுமக்கிறார்கள், என்பிஎம் கிடங்கு இன்று யார் கையில் இருக்கிறது, நாளை விதியை மாற்றினால் அதை நம்பியிருக்கும் மற்றக் கருவிகள் என்ன ஆகும் என்று கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். 2020-ல் என்பிஎம்மை, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப் வாங்கியது, கிட்ஹப் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட்டுடையது. அந்தத் திசையில் ஒரு வரியும் இல்லை.

அடுத்த வாரம், ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை இறக்கித் தரும் யார்ன் என்ற கருவி பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையின் அடியில் போட்டிருக்கிறீர்கள். கட்டுரையாளருக்கு முன்கூட்டியே ஒரு தகவல்: 2016 அக்டோபரில் ஃபேஸ்புக் யார்னை வெளியிட்டபோது அதற்கென்று தனிச் சரக்கு எதுவும் கிடையாது, முதல் நாளிலிருந்தே என்பிஎம் கிடங்குதான். ஆனால் எந்தப் பதிப்பு வந்தது என்பதைப் பூட்டிவைக்கும் யார்ன்.லாக் கோப்பு அதனிடம் இருந்தது. 2017-ல் என்பிஎம்மின் சொந்தக் கருவியின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது பேக்கேஜ்-லாக் என்று அதிலும் அப்படி ஒரு கோப்பு தானாகவே உருவாக ஆரம்பித்தது. இதில் யார் யாரிடம் சரண் அடைந்தார் என்று அவர் எப்படி எழுதப்போகிறார் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய ஜாவா புரோகிராமர்,
உங்கள் வாசகி,
கோயம்புத்தூர்.